அம்மாவுக்குப் படுக்கைப் புண், முதியோர் இல்லம் ரெஜிஸ்டரைத் தர மறுக்கிறது. சட்டப்படி என்ன செய்யலாம்?

கவிதா_திருப்பூர்:

வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் அசைவில்லை, தானாகப் புரண்டு படுக்க முடியாது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் கோவையில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். மாதம் 32,000 ரூபாய். 24 மணி நேரமும் நர்ஸ் இருப்பார், வாராவாரம் டாக்டர் வந்து பார்ப்பார் என்று அவர்கள் நோட்டீஸிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

போன மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகுதான் பார்க்கிறோம், வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் குழிவிழுந்து, சீழ் வாடை. நாங்கள் பார்க்கப் போகும்போதெல்லாம் போர்வையைக் கழுத்துவரை போர்த்தி மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். ஒருவர்கூட எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இல்லத்தில் கேட்டால், "சுகர் இருக்கிறவங்களுக்கு இது வரத்தான் செய்யும்" என்கிறார்கள். தினசரி ரெஜிஸ்டரைக் கேட்டேன், வெளியே தருவதில்லையாம். "எந்த உடல்நலக் குறைவுக்கும் இல்லம் பொறுப்பல்ல" என்ற தாளில் சேர்க்கும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். போலீஸில் "இது சிவில் மேட்டர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கையெழுத்தால் எங்கள் கை கட்டப்பட்டுவிட்டதா? எங்கே போய் ஆரம்பிப்பது?

பானு_மதுரை:

கவிதாம்மா, நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சுகர் இருந்தால் புண் ஆற நாளாகும், உண்மைதான். ஆனால் புண் வருவது, ஒரே இடத்தில் எடை அழுந்தி அங்கே ரத்த ஓட்டம் நின்றுபோவதால். அதனால்தான் அசைய முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். புரட்டிய நேரம், எந்தப் பக்கம், யார் புரட்டியது என்று எழுதி வைப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான். முதல் கட்டத்தில் தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருக்கும். தினமும் உடம்பு துடைக்கிற கை அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு மூன்றாம் கட்டமோ நான்காம் கட்டமோ இருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எழுதிய அட்மிஷன் நோட்டை உடனே வாங்குங்கள். "சேரும்போதே புண் இருந்தது, இந்த அளவு, இந்தக் கட்டம்" என்று அதில் இருந்தால் போதும், ஆஸ்பத்திரியில் வந்த புண் என்று இல்லத்தார் பிறகு கை காட்ட முடியாது. டிரெஸ்ஸிங் மாற்றும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்துவையுங்கள்.

செந்தில்_கோபி:

எங்கள் மாமனார் விஷயத்தில் பட்டதை வைத்துச் சொல்கிறேன், போலீஸ் கேஸ் போட்டால்தான் இவர்கள் இறங்கி வருவார்கள். விடாதீர்கள்.

வக்கீல்_சேலம்:

செந்தில் சாரின் கோபம் நியாயமானது. ஆனால் எனக்கு இதில் வேறு கருத்து. நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கவிதா மேடம், முதலில் அந்தக் கையெழுத்து. பணம் வாங்கிக்கொண்டு பராமரிக்க ஒப்புக்கொண்டவர், பராமரிக்காமல் விட்டதற்கு அந்தத் தாளைக் காட்டித் தப்பிவிட முடியாது. வயதானவருக்கு இயல்பாக வரும் நோய்க்குப் பொறுப்பில்லை என்று வேண்டுமானால் அவர்கள் வாதாடலாம். புரட்டாமல் போட்டது நோயல்ல, சேவைக் குறைபாடு.

நீங்கள் போகவேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் மட்டும் அதில் அடங்காது. உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 1998-ல் வந்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. உரிய தகுதியில்லாத நர்ஸ் ஒரு குழந்தைக்குத் தவறான ஊசி போட்டு, மூளை பாதிக்கப்பட்டது. ஊழியர் செய்த தவறுக்கு மருத்துவமனையே பொறுப்பு என்றது நீதிமன்றம். குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சம். சிகிச்சை பெற்றவரும் அதை ஏற்பாடு செய்தவரும் இருவருமே நுகர்வோர் என்றும் சொன்னது. அதனால் பணம் கட்டிய நீங்களும் அம்மாவோடு சேர்ந்து மனுதாரர் ஆகலாம். இல்லத்தில் "நர்ஸ்" என்று இருந்தவர்கள் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்களா, யூனிஃபார்ம் போட்ட ஆயாக்களா என்பதையும் வழக்கில் கேளுங்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. இங்கே பார்ப்பது நீங்கள் இல்லத்துக்குக் கட்டியதை, கேட்கும் இழப்பீட்டை அல்ல. காலக்கெடு 2 வருடம். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்ட முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் வழக்கு முடியக் காலம் பிடிக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

வக்கீல் செலவு பயமாக இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987 சட்டத்தில் இடம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாமலே போகிறது.

கவிதா_திருப்பூர்:

ரொம்ப நன்றி சார், நன்றி பானு அம்மா. அட்மிஷன் நோட்டில் "சேரும்போதே புண் இருந்தது" என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ரெஜிஸ்டரைத்தான் எப்படி வாங்குவது? வாராவாரம் வந்த டாக்டர் பெயரையும் மனுவில் சேர்க்கலாமா?

வக்கீல்_சேலம்:

ரெஜிஸ்டரை வாயால் கேட்காதீர்கள். சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் கேளுங்கள். நர்சிங் குறிப்பு, மருந்து கொடுத்த விவரம், டாக்டர் குறிப்பு, சிசிடிவி பதிவு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவர் ஒழுங்குமுறை விதி டாக்டரைக் கட்டுப்படுத்துகிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். சிசிடிவி தானாக அழிந்துகொண்டே வரும், அதனால் "அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும்" என்று தனி வரியாக எழுதுங்கள். அப்படியும் தரவில்லை என்றால், மறுத்ததே உங்களுக்குச் சாதகம். ஆவணத்தைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆணையத்திலேயே மனுப் போடலாம்.

டாக்டர் விஷயத்தில் நிதானம் வேண்டும். சராசரித் திறமையுள்ள மருத்துவர் அந்த நிலையில் எடுக்கும் கவனத்தை எடுக்கவில்லை என்று காட்ட வேண்டும். அவர் புண்ணைப் பார்த்தும் எழுதாமல் விட்டாரா, அவரிடம் காட்டவே இல்லையா என்பது ரெஜிஸ்டர் வந்தால்தான் தெரியும். ஆனால் புரட்டவில்லை, சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பெரிய நிபுணர் சாட்சி தேவைப்படாது. எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிகிச்சை தந்த டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவைத்தால் நல்லது.

செந்தில் சாருக்கு: ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு என்றால் கவனக்குறைவு மிகக் கடுமையாக இருக்க வேண்டும், சுதந்திரமான மருத்துவக் கருத்தும் வேண்டும். இல்லத்து நிர்வாகத்தின் மேல் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 125-வது பிரிவில், அஜாக்கிரதையால் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகப் புகார் கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் தண்டனை வாங்கத் தேவையான ஆதாரத்தின் அளவு மிக அதிகம். அங்கே தோற்றால் அதையே கையில் வைத்துக்கொண்டு இழப்பீட்டு வழக்கிலும் வாதாடுவார்கள். என்னைக் கேட்டால் முதலில் நுகர்வோர் வழக்கு.

பானு_மதுரை:

இன்னொன்று. அதே இல்லத்தில் மற்றவர்களும் படுத்துக் கிடக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்காகவாவது கோவை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567-லும் சொல்லலாம். அம்மாவுக்குக் காற்றுப் படுக்கை போட்டுவிட்டீர்களா? சாப்பாட்டில் முட்டை, பருப்பு, பால் கூடுதலாகட்டும். புரதம் இல்லாமல் இந்தப் புண் மூடாது.

கவிதா_திருப்பூர்:

காற்றுப் படுக்கை வாடகைக்கு எடுத்துவிட்டோம், இரவில் நானும் கணவரும் மாறி மாறிப் புரட்டுகிறோம். கடிதம் இன்று ஸ்பீட் போஸ்டில் போய்விட்டது. இல்லத்திலிருந்து போன் வந்தது, "நேரில் வாங்க, பேசிக்கலாம், டெபாசிட்டைத் திருப்பித் தர்றோம்" என்கிறார்கள். போகலாமா?

வக்கீல்_சேலம்:

போகலாம், தனியாகப் போகாதீர்கள். டெபாசிட் உங்கள் பணம், அது இழப்பீடு ஆகாது. "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி எந்தத் தாளில் இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். டெபாசிட்டை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம், அந்தப் போனையும் மாற்ற வேண்டாம். தாக்கல் செய்யும்போது மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழை, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி வைக்க அது வேண்டும்.