உபுண்டு 22.04-இல் மூன்று பைதான் பதிப்புகள்: இயல்பிருப்பை மாற்றியபின் முனையம் திறக்கவில்லை

கணிமாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளம் உள்ளது, அதனுடன் வந்த பைதான் நிரல்மொழியின் பதிப்பு 3.10. எனக்கு முன்பு எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்த மாணவர் ஒருவர், கையெழுத்தை அடையாளம் காணும் நிரல் ஒன்றை எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். அது டென்சர்ஃபுளோ 2.4 என்னும் இயந்திரக் கற்றல் நிரலகத்தை நம்பியிருப்பதால் பைதான் 3.8-க்கு மேற்பட்ட பதிப்புகளில் ஓடாது. நான் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கும் நிரலோ 3.12-ஐக் கேட்கிறது.

டெட்ஸ்நேக்ஸ் களஞ்சியத்திலிருந்து 3.12-ஐ நிறுவினேன். ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணோடு தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால், 'பைதான்3' என்று சொன்னாலே 3.12 வரும்படி அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையைக் கொண்டு மாற்றிவிட்டேன். கணினியை அணைத்துத் திறந்த பிறகு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையம் திறக்கவே இல்லை. நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடுக்குள் இருக்கும் முனையம் மட்டும் வேலை செய்கிறது. அதில், மென்பொருள் பொதிகளை நிர்வகிக்கும் ஆப்ட் கருவியின் அப்டேட் கட்டளையைக் கொடுத்தால், 'ஆப்ட்_பிகேஜி' என்னும் மாட்யூல் (நிரல்கூறு) இல்லை என்ற பிழை வருகிறது. உபுண்டுவை மீண்டும் நிறுவத்தான் வேண்டுமா? மூன்று பதிப்புகளும் ஒன்றுக்கொன்று இடையூறு இல்லாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

பழைய நிர்வாகி எழுதியது:

வணக்கம். மீண்டும் நிறுவத் தேவையில்லை. உங்கள் கோப்புகள் எதுவும் கெடவில்லை. ஒரே ஓர் இணைப்புதான் இடம் மாறியிருக்கிறது.

உபுண்டுவில் 'பைதான்3' என்பது நமக்காக வைக்கப்பட்ட பெயர் அன்று. இயங்குதளத்தின் பல கருவிகள் பைதானில் எழுதப்பட்டவை. அவை அந்தப் பெயரைச் சொல்லித்தான் தங்கள் இன்டர்பிரட்டரை (நிரலை ஓட்டும் மென்பொருளை) அழைக்கின்றன. நீங்கள் திறக்கும் க்னோம் முனையமும் 22.04-இல் ஒரு சிறிய பைதான் நிரலின் வழியாகவே தொடங்குகிறது. இந்தக் கருவிகளுக்கு வேண்டிய மாட்யூல்கள் எல்லா 3-ஆம் வரிசைப் பதிப்புகளுக்கும் பொதுவான ஒரே கோப்புறையில் உள்ளன. அவற்றில் முழுக்கப் பைதானில் எழுதப்பட்டவை 3.12-க்கும் புரியும். ஆனால் ஆப்ட்_பிகேஜி போன்றவை சி, சி++ மொழிகளில் எழுதி 3.10-க்கென்று தொகுக்கப்பட்டவை, அவற்றின் கோப்புப் பெயரிலேயே 310 என்ற எண் இருக்கும். 3.12 தனக்குரிய 312 என்ற எண்ணைத் தேடும், கிடைக்காது, 'இல்லை' என்று சொல்லிவிடும். கோப்பு கண்ணெதிரே இருந்தும் இல்லை என்ற பிழை வருவதற்கு இதுவே காரணம்.

விஎஸ் கோடின் முனையத்திலேயே சரிசெய்துவிடலாம். அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளைக்கு 'ரிமூவ்-ஆல்' என்ற விருப்பத்தைக் கொடுத்து நீங்கள் சேர்த்த பைதான்3 பதிவை நீக்குங்கள். பிறகு யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் உள்ள 'பின்' (bin) என்ற கோப்புறையில், பைதான்3 என்ற பெயர் பைதான்3.10-ஐச் சுட்டும்படி எல்என் கட்டளையால் இணைப்பை மீண்டும் உருவாக்குங்கள். இரண்டும் சூடோவுடன் (நிர்வாகி அனுமதியுடன்) செய்ய வேண்டியவை. முதல் கட்டளைக்கும் இரண்டாவதற்கும் இடையில் பைதான்3 என்ற பெயரே இல்லாமல் போகக்கூடும். அதைக் கண்டு நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

கோபத்தில் பைதான்3-ஐ ஆப்ட் மூலம் அகற்றிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் உடன்பணியாளர் ஒருவர் அவ்வாறு செய்தார். அதை நம்பியிருந்த மேசைத்தளப் பொதிகள் அனைத்தும் கூடவே போய்விட்டன. கருந்திரையில் அமர்ந்து அவற்றைத் திரும்பக் கொண்டுவர எங்களுக்கு ஒரு முழு நாள் ஆனது. பைதான் பொதிகளை நிறுவும் பிப் கருவியைச் சூடோவுடன் ஓட்டுவதும் இதே வகைத் தீங்குதான். டெபியன் 12-இலிருந்து, 'இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று சொல்லி பிப் தானாகவே மறுத்துவிடுகிறது. உபுண்டுவின் பிற்காலப் பதிப்புகளும் அப்படியே. 22.04-இல் அந்தத் தடுப்பு இல்லாததால் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

யாழ்நிரலர் எழுதியது:

மேலே சொன்னது முற்றிலும் சரி. இனி எப்படி வைத்துக்கொள்வது என்ற பகுதிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பல பைதான் பதிப்புகளை நிர்வகிக்கும் பைஎன்வ் என்ற கருவியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினேன். கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் பாத் என்னும் சூழல் மாறியின் தொடக்கத்தில் அது தன் கோப்புறையைச் செருகிக்கொண்டு, பைதான் என்று யார் அழைத்தாலும் முதலில் தானே எடுத்து, அந்தத் திட்டக் கோப்புறையில் எழுதியிருக்கும் பதிப்புக்கு அனுப்பிவைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் லினக்சில் அது ஒவ்வொரு பதிப்பையும் உங்கள் கணினியிலேயே மூலநிரலிலிருந்து தொகுக்கும். எஸ்கியூலைட், எல்ஐபிஎஃப்எஃப்ஐ போன்ற நிரலகங்களின் மேம்பாட்டுப் பொதிகள் முன்கூட்டியே இல்லாவிட்டால் தொகுப்பு முடிந்ததாகவே காட்டும். சில வாரங்கள் கழித்து ஏதோ ஒரு நிரல் எஸ்கியூலைட்3 இல்லை என்று விழும்போதுதான் குறை தெரியும்.

இப்போது நான் யூவி-க்கு மாறிவிட்டேன். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு 2024-இல் வெளிவந்த கருவி அது. முன்பே தொகுத்து வைக்கப்பட்ட பைதானை இறக்கி உங்கள் இல்லக் கோப்புறைக்குள் வைத்துக்கொள்வதால் சூடோவும் தேவையில்லை, தொகுக்கும் நேரமும் இல்லை. 'யூவி பைதான் இன்ஸ்டால்' என்பதற்குப் பின் 3.8, 3.12 என்று கொடுங்கள். பிறகு ஒவ்வொரு திட்டத்தின் கோப்புறைக்குள்ளும் சென்று, வேண்டிய பதிப்பைக் குறிப்பிட்டு 'யூவி வென்வ்' கொடுத்தால் அந்தத் திட்டத்துக்கென்று தனி மெய்நிகர் சூழல் (அதற்குரிய பைதானும் பொதிகளும் அடங்கிய கோப்புறை) உருவாகும். மூன்று பைதான்களில் எது முதன்மை என்ற கேள்வியே அதன்பின் எழாது.

3.8-க்கான ஆதரவு 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய ஆய்வு முடிவுகளைச் சரிபார்க்க அதை வைத்திருப்பதில் தவறில்லை. இணையத்துக்குத் திறந்துவிடும் சேவை எதையும் அதில் ஓட்டாதீர்கள்.

கணிமாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நிர்வாகி ஐயா சொன்னபடி செய்ததும் முனையம் திறந்துவிட்டது. ஆப்ட் பிழையும் நின்றுவிட்டது.

யூவி கொண்டு 3.8 சூழலை உருவாக்கிச் செயல்படுத்தினேன். பைதான் என்று கொடுத்தால் 3.8 என்றே காட்டுகிறது. ஆனால் பிப் மூலம் டென்சர்ஃபுளோ 2.4-ஐக் கேட்டால் அப்படி ஒரு பதிப்பே இல்லை என்கிறது. கிடைக்கும் பதிப்புகள் என்று அது தரும் பட்டியல் 2.8-இலிருந்துதான் தொடங்குகிறது. பழைய பதிப்புகளை நீக்கிவிட்டார்களா?

யாழ்நிரலர் எழுதியது:

நீக்கவில்லை. அந்தப் பட்டியல் 2.8-இல் தொடங்குவதே விடையைச் சொல்கிறது: பைதான் 3.10-க்கான டென்சர்ஃபுளோ 2.8 முதல்தான் உண்டு. ஆகவே உங்களுக்குப் பதில் சொன்ன பிப், 3.10-இன் பிப். இது என் தவறு, முன்பே சொல்லியிருக்க வேண்டும்: யூவி உருவாக்கும் சூழலுக்குள் பிப் இயல்பாக இருக்காது. அங்கே இல்லாததால் முனையம் பாத் வழியே தேடி, இயங்குதளத்தின் பிப்பை எடுத்துவந்துவிட்டது. 'யூவி பிப் இன்ஸ்டால்' என்று கொடுங்கள்.

இனி எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், எந்தப் பைதான் ஓடுகிறது என்ற ஐயம் வரும்போது பைதானுக்குள் நுழைந்து சிஸ் மாட்யூலின் எக்ஸிக்யூட்டபிள் மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். எந்தக் கோப்பு ஓடுகிறது என்பதை அது முழு முகவரியோடு காட்டிவிடும்.

கணிமாணவி எழுதியது:

சரியாக அதுவேதான் காரணம். டென்சர்ஃபுளோ 2.4 நிறுவப்பட்டது. இறக்குமதி செய்தபோது, அது பயன்படுத்தும் புரோட்டோபஃப் பொதி பற்றிய நீண்ட பிழை வந்தது. அதன் கடைசி வரிகளில் 3.20 அல்லது அதற்குக் கீழ் இறங்குமாறு எழுதியிருந்ததால் அப்படியே செய்தேன். பழைய மாதிரி ஓடுகிறது, இரண்டு ஆண்டுக்கு முந்தைய முடிவுகளும் அப்படியே கிடைக்கின்றன. இதை இரவில், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான் மூலம் ஓட்ட எண்ணியிருக்கிறேன். அதற்கு வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா?

பழைய நிர்வாகி எழுதியது:

மகிழ்ச்சி. கிரானுக்கு நீங்கள் செயல்படுத்திய சூழல் தெரியாது. உங்கள் முனையத்தின் பாத் மதிப்பும் அதற்குக் கிடைக்காது. எனவே அந்த வரியில் வெறும் பைதான் என்று எழுதாமல், மெய்நிகர் சூழலின் 'பின்' (bin) கோப்புறைக்குள் இருக்கும் பைதானின் முழு முகவரியை எழுதுங்கள். சூழலைச் செயல்படுத்தும் கட்டளை அங்கே தேவையே இல்லை.

சூழலின் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தாதீர்கள். அதற்குள் முழு முகவரிகள் எழுதப்பட்டிருப்பதால் உடைந்துவிடும். புரோட்டோபஃப் உட்பட எல்லாப் பதிப்பு எண்களையும் இன்றே 'யூவி பிப் ஃப்ரீஸ்' கொண்டு ஒரு கோப்பில் எடுத்து நிரலோடு வைத்துவிடுங்கள். உங்களுக்கு முன்பிருந்த மாணவர் அந்த ஒரு கோப்பை விட்டுச் சென்றிருந்தால் புரோட்டோபஃப் பிழையை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.