பேர் வச்சாச்சு, பதிவுதான் ஆகலை

நாங்கள் சென்னையில் ஐந்து பேர் சேர்ந்த ஒரு பேண்ட். 2019-ல் ஆரம்பித்தோம். 2022 ஜூனில் ஆல்பத்தின் பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்தோம், இன்னும் கைக்கு வரவில்லை. வழக்கு நடப்பதால் உண்மைப் பெயரைச் சொல்ல முடியாது. ‘கடற்காற்று’ என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரும் இப்படித்தான், சங்கப் பாட்டில் பொறுக்கிய இரண்டு சொல் சேர்ந்தது, நடுவில் ஒரு றகரம். சங்கப் பாட்டில் பெயர் தேடுவது நாங்கள் மட்டும் என்று நினைத்திருந்தோம். மரபு அரிசிக் கடை, கைத்தறிச் சேலைக் கடை, ஏலகிரி ஹோம்ஸ்டே எல்லாரும் அதே பாட்டைத்தான் படிக்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது.

விண்ணப்பிக்கும் முன் இணையத்தில் தேடாமல் இல்லை. டிரேட்மார்க்கில் பொருள்களையும் சேவைகளையும் எண் போட்டு வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள். அதில் 41-ஆம் வகுப்பில் (கச்சேரி, பொழுதுபோக்கு எல்லாம் இதில் வரும்) பெயரை அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சந்தோஷமாக மூடிவிட்டேன். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில் இருக்கும் வம்பு அப்போது உறைக்கவில்லை. ‘ற்று’ என்பதை டி ஆர் யூ என்று எழுதலாம், டி டி ஆர் யூ என்றும் எழுதலாம், டி எச் ஆர் யூ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ‘கா’வுக்கு ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா? ‘கடல்’ என்று பிரித்தால் எல், சேர்த்தால் ஆர். நடுவில் இடைவெளி உண்டா, இல்லையா? ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், 24 விதம் வந்தது. நான் தேடியது ஒன்றே ஒன்று. ஒலி ஒற்றுமையை வைத்துத் தேடும் வசதியும் அதே பக்கத்தில்தான் இருந்தது, நான் அதைத் தொடவே இல்லை.

லோகோ தமிழ் எழுத்தில் இருந்ததால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தர வேண்டும் என்பது விதி. மொழிபெயர்த்துப் படித்தால் எங்கள் ஆல்பம் டால்கம் பவுடர் மாதிரி இருந்தது.

செலவு விவரம் கேட்பவர்களுக்கு: தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், கம்பெனி என்றால் 9,000. பதிவு செய்த இசைக்கு 9, டி-ஷர்ட்டுக்கு 25, கச்சேரிக்கு 41. மூன்று வகுப்புக்கும் சேர்த்து 13,500. இதில் ஒரு நல்ல ஸ்னேர் டிரம் வாங்கியிருக்கலாம் என்று எங்கள் டிரம்மர் இன்னும் முனகுகிறார்.

படிவத்தில் ஒரு கேள்வி வரும்: இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம் என்று போட்டால் வேலை சுலபம். ஏற்கெனவே பயன்படுத்துகிறோம் என்றால் பிரமாணப் பத்திரமும் ஆதாரங்களும் வேண்டும். நாங்கள் 2020 பிப்ரவரி என்று போட்டோம். ஒரு பொறியியல் கல்லூரி கல்ச்சுரல்ஸில் ‘கடற்காற்று’ என்ற தலைப்பில் வாசித்த முதல் கச்சேரி அது. ஆல்பம் அடுத்த ஆண்டு நவம்பரில்தான் வந்தது.

ஆதாரம் தேடியபோதுதான் நாங்கள் எவ்வளவு பொறுப்பானவர்கள் என்று தெரிந்தது. சம்பளமாக 8,000 ரூபாய் கொடுத்தார்கள், ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவரில். பில் கிடையாது, ரசீது கிடையாது. அன்று போட்டோக்கள் ஏற்றிய இன்ஸ்டா கணக்கு பிற்பாடு ஹேக் ஆகிப் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு போஸ்டர். அதில் எங்கள் பெயர் இருக்கிறது, கல்லூரிப் பெயர் இருக்கிறது, ‘வெள்ளி, பிப்ரவரி 14, மாலை 6 மணி’ என்றும் இருக்கிறது. வருஷம் இல்லை. போஸ்டர் அடிக்கிறவன் எவனாவது வருஷம் போடுவானா? அதை அப்படியே இணைத்து அனுப்பினோம்.

டிரேட்மார்க் அலுவலகத்திலிருந்து பரிசோதனை அறிக்கை வந்தது. டிரேட்மார்க் சட்டத்தின் 11-ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபம், ஏற்கெனவே இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதாம். எங்களுக்குச் சில மாதம் முன்பு ஓர் ஈவென்ட் கம்பெனி அதே பெயரை வேறு ஸ்பெல்லிங்கில் போட்டிருக்கிறது. அவர்கள் சொன்ன பயன்பாட்டுத் தேதி 2021 ஜனவரி. பதில் சொல்ல 30 நாள். அந்த 30 நாளும் போன் ஓயவில்லை. ‘சார், உங்க மார்க் அப்ஜெக்ட் ஆகியிருக்கு, உடனே பணம் கட்டலைன்னா கேன்சல்’ என்று ஊர் பேர் தெரியாத ஏஜென்டுகள். நம் விண்ணப்பம் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் கிடப்பதால் இது நடக்கிறது. நம் வக்கீல் அல்லாத யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் வீடியோவில் விசாரணை. அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: “இது ஒரு ஆல்பத்தின் பெயரா, இல்லை நீங்கள் தொடர்ந்து நடத்தும் எதற்காவது பெயரா?” வருஷா வருஷம் இதே பெயரில் கச்சேரி நடத்துகிறோம், டி-ஷர்ட் விற்கிறோம், ஆல்பம் அதில் ஒன்று என்றேன். குறித்துக்கொண்டார். ‘ஒரு ஆல்பம் மட்டும்தான்’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே சிக்கலாகியிருக்கும் என்று வக்கீல் வெளியே வந்ததும் சொன்னார். வெறும் தலைப்புக்குக் காப்பிரைட் கிடையாது என்று 2015-ல் ‘தேசி பாய்ஸ்’ பட வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டிரேட்மார்க் பக்கம் போனால், ஒற்றைப் படைப்பின் தலைப்பைக் கேட்டதுமே ஜனங்களுக்கு இன்னார் என்று தோன்றும் அளவுக்குப் பெயர் பிரபலமாக இருக்க வேண்டும். 2007-ல் ‘நிஷப்த்’ பட வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. தொடராக வரும் பெயர் என்றால் நிலைமை வேறு. இத்தனை நாள் நான் பதிவு செய்ய நினைத்தது ஆல்பத்தின் பெயரை. பதிவு செய்ய முடிவது கடையின் பெயர் மாதிரி திரும்பத் திரும்ப வரும் பெயரை. இது முதல் நாளே புரிந்திருந்தால் பேண்ட் பெயரை முதலில் போட்டிருப்பேன்.

பெயர் டிரேட்மார்க் அலுவலகத்தின் ஜர்னலில் வெளியானது. எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதம். மூன்று மாதம் மூன்று வாரம் போனது. கேக் ஆர்டர் பண்ணலாமா என்று பேசிக்கொண்டிருந்த வாரத்தில் அந்த ஈவென்ட் கம்பெனி எதிர்ப்பு மனு போட்டது. இரண்டு மாதத்துக்குள் பதில் மனு கொடுத்தோம். அவர்கள் சாட்சியம் வந்துவிட்டது, இப்போது எங்கள் முறை. ‘வருஷம் இல்லாத போஸ்டர் செல்லாது’ என்று எழுதியிருக்கிறார்கள். உங்களில் யாராவது இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மதுரைப் பக்கம், நாட்டுப்புறக் கலைக்குழு

தம்பி, நாங்க இதைவிட மோசம். எங்கள் குழுப் பெயரே குலசாமி பெயர். அதே பெயரில் பக்திப் பாட்டு ஆல்பமாக ஏழெட்டு விட்டிருக்கிறோம், பென் டிரைவில் போட்டு ஆடித் திருவிழாவில் விற்போம். பக்கத்து ஊர்க்காரன் அதே பெயரில் வேறு பாட்டைப் போட்டு விற்றான். கோபத்தில் பதிவு பண்ணப் போனோம். வக்கீல் ஐயா சிரித்துவிட்டார். “சாமி பேரை நீங்க ஒருத்தரே வச்சுக்க முடியுமா?” என்றார். ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்கு ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தபோது, புனித நூல் பெயரில் ஒருத்தருக்குத் தனி உரிமை கிடையாது என்று அதே 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதாம்.

கடைசியில் சாமி பெயரோடு எங்கள் ஊர்ப் பெயரையும் வாத்தியார் வரைந்த ஒரு உருமி படத்தையும் சேர்த்து லோகோவாகப் போட்டோம். கிடைத்தது. ஆனால் சாமி பெயர்ச் சொல்லில் மட்டும் தனி உரிமை இல்லை என்று நிபந்தனை. பக்கத்து ஊர்க்காரன் இன்னும் விற்கிறான், உருமி படம் மட்டும் போடுவதில்லை.

நியூ ஜெர்சி, தமிழ் ராப்

அண்ணா, உங்கள் அதிகாரி கேட்ட கேள்வியை இங்கே கேட்கக்கூட மாட்டார்கள், நேராக மறுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஒற்றைப் படைப்பின் தலைப்பைப் பதிவு செய்ய முடியாது. 1958-லேயே ஒரு புத்தகத் தலைப்பு வழக்கில் முடிவான விஷயம். எவ்வளவு பிரபலமான தலைப்பாக இருந்தாலும் கிடையாது. நான் முதல் ஆல்பத்தின் பெயரை அனுப்பினேன், அட்டைப் படத்தையும் மாதிரியாக இணைத்தேன். வந்த பதிலில் அந்த அட்டையையே ஆதாரமாகக் காட்டி மறுத்திருந்தார்கள். நானே என் காலில் கல்லைப் போட்டுக்கொண்டேன்.

பதில் சொல்ல மூன்று மாதம். பணம் கட்டினால் இன்னொரு மூன்று மாதம் கிடைக்கும். அதற்குள் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து ‘பாகம் 2’ என்று ஐந்து பாட்டு எழுதினேன். இரண்டு வேறு வேறு வெளியீட்டில் அதே பெயர் வந்தால் தொடர் என்று ஏற்றுக்கொள்வார்கள். பாட்டு சுமார்தான், எனக்கே தெரியும். சட்டத்துக்காக எழுதிய ராப் எப்படி இருக்கும்? ஆனால் பதிவு கிடைத்தது. பாடகர் பெயருக்கும் இதே கதைதான், ஒரே ஒரு ரெக்கார்டிங்கில் வந்த பெயர் என்றால் மறுப்பார்கள்.

யார் முந்திப் பயன்படுத்தினார்கள் என்ற உங்கள் சிக்கல் இங்கேயும் உண்டு. 2020-ல் இங்கே ஒரு கன்ட்ரி பேண்ட் ‘லேடி ஆன்டெபெல்லம்’ என்ற பெயரை ‘லேடி ஏ’ என்று சுருக்கியது. சியாட்டிலில் அனிட்டா வைட் என்ற ப்ளூஸ் பாடகி அந்தப் பெயரில் 20 வருஷத்துக்கு மேல் பாடிக்கொண்டிருந்தார். பதிவு பேண்ட் கையில், பழைய பயன்பாடு அவர் கையில். வழக்குப் போட்டது பேண்ட்தான்! அவரும் திருப்பிப் போட்டார். 2022-ல் சமரசமாக முடித்துக்கொண்டார்கள்.

கோயம்புத்தூர், கீபோர்டு

வெளியாள் எதிர்ப்பதெல்லாம் பரவாயில்லை. எங்களுக்கு உள்ளுக்குள்ளேயே. 2018-ல் எங்கள் பாடகர் ‘நான் பார்த்துக்கறேன் மச்சி’ என்று ஆல்பம் பெயரைத் தன் ஒருவர் பெயரில் பதிந்தார். அதுதான் எங்கள் கச்சேரிப் பெயரும். நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் ஜிபே போட்டோம், படிவத்தைப் பார்க்கவில்லை. அவர் பிரிந்து போன மறு மாதம் மெயில் வந்தது, இனி அந்தப் பெயரில் வாசிக்கக் கூடாதாம். மெட்டு எங்களுடையது, வரிகள் எங்களுடையது, அட்டையில் இருக்கும் பெயர் மட்டும் அவருடையது. எழுதிக் கொடுத்தால்தான் மாற்ற முடியும், அவர் எதற்கு எழுதிக் கொடுக்கப் போகிறார்?

ஆல்பத்தை எடுத்துவிட்டு வேறு பெயரில் ஏற்றினோம். அப்படி ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு பாட்டின் ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் இலக்கமுமாக 12 இடத்தில் ஐ.எஸ்.ஆர்.சி. என்று ஒரு அடையாள எண் இருக்கும், அதை மாற்றாதீர்கள். அதே எண்ணில் ஏற்றியதால் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு எங்களுக்குத் தப்பித்தது. பெயரைக் கூட்டாகவே பதியலாம் என்பது பிற்பாடு தெரிந்தது. புது பேண்டில் முதல் ரிகர்சலுக்கு முன்பே பத்திரம் எழுதிவிட்டோம். டிரம்மர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

டிசைனர், ஈரோடு

ஒரு சின்ன விஷயம். பேண்டுகளுக்கு டி-ஷர்ட் டிசைன் பண்ணுகிறேன். பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போடச் சொல்லி எல்லாரும் கேட்கிறார்கள், கெத்தாக இருக்குமாம். பதிவு ஆகும்வரை அதைப் போடுவது சட்டப்படி தவறு. டி எம் என்று போடலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். ஒரு பேண்டுக்கு 200 டி-ஷர்ட்டில் தெரியாமல் அந்த ஆர் அச்சாகி, மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றாக அழித்தோம்.

வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவன்

நான் வக்கீல் இல்லை, இருபது வருஷமாக இந்த மனுக்களை டைப் அடிக்கிறவன். சென்னைத் தோழரே, ஒரு சந்தேகம். போஸ்டரில் ‘வெள்ளி, பிப்ரவரி 14’ என்று இருப்பதாகச் சொன்னீர்கள். பிப்ரவரி 14 எல்லா வருஷமும் வெள்ளிக்கிழமையில் வராதே, காலண்டரைப் பார்த்தீர்களா? 2014-ல் வெள்ளி. அப்புறம் 2020. அப்புறம் 2025. பேண்ட் ஆரம்பித்தது 2019-ல். போஸ்டரை இணைத்து விண்ணப்பித்தது 2022-ல். நடுவில் இருப்பது எது?

எதிர்த்தரப்பு 2021 ஜனவரி என்றுதானே போட்டிருக்கிறது. முந்திப் பயன்படுத்தியவரைப் பின்னால் பதிவு வாங்கியவர் தடுக்க முடியாது என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு கச்சேரி போதாது, அதற்கப்புறமும் விடாமல் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும். 2020 கடைசியில், ஊரடங்கில், ஏதாவது ஆன்லைனில் வாசித்தீர்களா?

தொடங்கியவன் மறுபடியும்

ஐயா, இந்த போஸ்டர் மூன்று வருஷமாக என் சுவரில் ஒட்டியிருக்கிறது. தினமும் அந்த ‘வெள்ளி’யைப் பார்த்துக்கொண்டுதான் பல் தேய்த்தேன்.

வக்கீலுக்குப் போன் போட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை, அப்புறம் “கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் வாங்குங்க” என்றார். ஊரடங்கில் ஆகஸ்ட் மாதம் ஒரு லைவ் வாசித்தோம், மொட்டை மாடியில். அது ஹேக் ஆன கணக்கில் இல்லை, பேஸிஸ்டின் அக்கா யூடியூப் சேனலில் இருக்கிறது, சமையல் வீடியோக்களுக்கு நடுவில். தலைப்பு ‘கடற்காற்று லைவ்’. ஏற்றிய தேதி 2020 ஆகஸ்ட் என்று பளிச்சென்று தெரிகிறது. பெயரை வேறு ஒரு ஸ்பெல்லிங்கில் அடித்திருக்கிறார், நான் எண்ணிய 24-ல் அது இல்லை.

அன்று கல்ச்சுரல்ஸ் செயலாளராக இருந்த பையன் இப்போது பெங்களூரில் இருக்கிறானாம். நாளைக்குக் கூப்பிட வேண்டும்.