புதுப்பிப்பு: கற்பித்தல் உதவியாளர் வேலைக்கு எந்தத் தகுதி செல்லும்?

இங்கிலாந்துப் பள்ளிகளில் கற்பித்தல் உதவியாளர் ஆக எந்தப் படிப்பை எடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. லெவல் 3 (ஏறக்குறைய பன்னிரண்டாம் வகுப்புத் தரம்) சர்டிபிகேட்டில் சேர்ந்துவிட்டேன்.

கைகொடுத்தது, ‘ஆஃப்குவால் பதிவேட்டில் தேடுங்கள்’ என்ற யோசனைதான். ஆஃப்குவால் என்பது இங்கிலாந்தில் தகுதிகளையும் தேர்வுகளையும் ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு. அங்கே ஒவ்வொரு தகுதிக்கும் ஓர் எண் உண்டு. அதைப் பயிற்சி நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள், மழுப்புகிறவர்கள் அப்போதே தெரிந்துவிடுவார்கள். மலிவான இணையவழிப் படிப்பு ஒன்றின் விளம்பரத்தில் ‘லெவல் 3, சி.பி.டி. அங்கீகாரம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பதிவேட்டில் அது இல்லவே இல்லை. சி.பி.டி. (பணியில் இருப்பவர்களுக்கான தொடர் பயிற்சி) முத்திரை மட்டும் இருந்தால் அது ஒழுங்குபடுத்தப்பட்ட தகுதி ஆகாது.

எதிர்பாராத விஷயம்: லெவல் 3 என்பதற்குள்ளேயே வகைகள் இருக்கின்றன. ‘அவார்டு’ பாட அறிவு மட்டும். பள்ளி அனுபவம் இல்லாமலே முடிக்கலாம். சர்டிபிகேட், டிப்ளோமா என்றால் வகுப்பறையில் நம் வேலையை நேரில் பார்த்து மதிப்பிடுவார்கள். ஆகவே முதலில் ஒரு பள்ளியில் தன்னார்வப் பணி பிடிக்க வேண்டியிருந்தது. டி.பி.எஸ். எனும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கான காத்திருப்பு வேறு!

சட்டப்படி கட்டாயமான தகுதி என்று எதுவும் கிடையாது. அந்தந்தப் பள்ளியே தீர்மானிக்கிறது. நான் பார்த்த விளம்பரங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. (அங்கே 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) கேட்டன. வெளிநாட்டில் படித்தவர்கள் வெளிநாட்டுத் தகுதிகளை ஒப்பிட்டுச் சொல்லும் யு.கே. எனிக் அமைப்பின் மூலம் இணைமதிப்பு அறிக்கை வாங்கலாம்.