படைவீரர் கொண்டுவந்த ஜப்பானியப் பணத்தாள்: பொருத்தமான கலைச்சொல் எது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் பையில் வைத்துக் கொண்டுபோன ஜப்பானியப் பணத்தாள்களை, சேகரிப்பாளர்கள் 'சுவனீர் நோட்டு' என்று ஒரு தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். அதற்குத் தமிழில் சொல் கேட்டு எழுந்த இந்த இழையில் 'ஆக்கிரமிப்புப் பணம்', 'நினைவு நோட்டு', 'கொண்டிப்பணம்' ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் மூன்றும் வேறு வேறு பொருள்களுக்கு உரியவை என்பது என் கருத்து.

முதலாவது, பணத்தை வெளியிட்டவரைச் சுட்டும் சொல். 1942 முதல் ஜப்பானிய அரசு தான் கைப்பற்றிய ஒவ்வொரு நாட்டுக்கும் அந்தந்த நாட்டு அலகிலேயே தாள்களை அச்சிட்டது. மலாயாவுக்கு டாலர், பர்மாவுக்கு ரூபாய், பிலிப்பைன்சுக்குப் பெசோ, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு (இன்றைய இந்தோனேசியா) கில்டர், நியூகினி, சாலமன் தீவுகள் பக்கத்துக்குப் பவுண்டும் ஷில்லிங்கும். தாளில் அச்சான எழுத்துக்குறியின் முதலெழுத்து 'எம்' என்றால் மலாயா, 'பி' என்றால் பர்மா, 'ஓ' என்றால் ஓசியானியா, அதாவது நியூகினி, சாலமன் பக்கம். இவை அனைத்துக்கும் பொதுப்பெயராக 'ஆக்கிரமிப்புப் பணம்' இருக்கட்டும். ஹாங்காங்கில் புழங்கிய இராணுவ யென்னை மட்டும் இதனுள் அடக்கக் கூடாது. ஜப்பானியர் அதைக் 'குன்ப்யோ' என்பர். படையினர் பயன்படுத்தும் சீட்டு என்பதே அதன் பொருள். எனவே அதற்குப் 'படைச்சீட்டு' என்ற சொல்லை ஒதுக்கி வைக்கலாம்.

'நினைவு நோட்டு' கூடாது என்பதற்குக் காரணம் எளிது. தலைவர்களின் நூற்றாண்டுக்கு அரசு வெளியிடுவதை 'நினைவு நாணயம்' என்று ஏற்கெனவே அழைத்துவருகிறோம். அங்கே நினைவு வெளியிட்டவருடையது. இங்கோ எடுத்துச் சென்றவருடையது. ஒரே அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

'கொண்டி' என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. பட்டினப்பாலையின் 'கொண்டி மகளிர்' வழியாக நமக்கு வந்த பழஞ்சொல் அது. பகைவரிடம் கவர்ந்துவந்ததைக் குறிப்பது. போருக்கும் பொருந்துகிறது, ஒலியும் நன்றாக இருக்கிறது. ஆனால் கவர்ந்துவர வேண்டுமானால் அந்தப் பொருளுக்கு மதிப்பு இருந்தாக வேண்டுமல்லவா? ஈடு எதுவும் இல்லாமல் அச்சிட்டுத் தள்ளிய இந்தத் தாள்களை, போர் நடக்கும்போதே பிலிப்பைன்ஸ் மக்கள் 'மிக்கி மவுஸ் பணம்' என்று எள்ளி நகையாடினார்கள். தான் கைப்பற்றிய நாடுகளைக் கிழக்காசியக் கூட்டுவள மண்டலம் என்று ஜப்பான் பெருமை பேசியதற்கு, அதன் மதிப்பு என்ன என்று கேட்கும் வாசகத்தை அந்தப் பணத்தின்மீதே அச்சிட்டு அமெரிக்கர் துண்டறிக்கையாகப் பரப்பினார்கள். நேசநாட்டுப் படை வந்து சேர்ந்ததும் அது செல்லாப் பணமாயிற்று. செல்லாக் காசைப் பொறுக்கி எடுத்துப் பையில் வைத்தவனைக் கொண்டி அடித்தவன் என்பது அவனுக்கு அளவுக்கு மீறிய பெருமை!

நான் முன்வைப்பது 'கொணர்தாள்'. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. கொணர்ந்த தாள், கொணரும் தாள் என்று விரியும். இடையில் வல்லினம் மிகாது. இந்தச் சொல் தாளின் வகையைச் சொல்லாமல் அது வந்த வழியைச் சொல்கிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. ஒரே அச்சில் பிறந்த இரண்டு பெசோத் தாள்களில் ஒன்றை, என்றாவது பணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பி ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும். அப்படி வைத்திருந்தவர்கள் பின்னாளில் ஒரு சங்கமே அமைத்து, தாள்களில் முத்திரை குத்தி, 1967இல் அமெரிக்க அரசுமீது வழக்கும் தொடுத்தார்கள். மற்றொன்று ஒரு வீரனின் பணப்பையில் கடல் கடந்து போயிருக்கும். முன்னது ஆக்கிரமிப்புப் பணம் மட்டுமே. பின்னது கொணர்தாளும் ஆகும்.

என்னிடம் உள்ள ஒரு தாளைக் காட்டினால் வேறுபாடு விளங்கும். 1943ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த பெசோ நோட்டு. முகப்பில் பிலிப்பைன்ஸ் தேசியத் தலைவர் ரிசாலின் நினைவுச்சின்னம். நான்காக மடித்த மடிப்பில் நடுவே ஊசித்துளை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. வெள்ளை ஓரத்தில் நீல மையால் 'லெய்ட்டே, நவம்பர் 1944' என்று எழுதி, கீழே ஒரு முதலெழுத்து மட்டும் இட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் படை பிலிப்பைன்சின் லெய்ட்டே தீவில் இறங்கியது அதற்கு முந்தைய அக்டோபர் 20 அன்று. இதைவிடப் புத்தம் புதிய, மடிப்பே விழாத நோட்டு டீக்காசுக்குக் கிடைக்கும். நோட்டு விற்பவர் எழுத்து இருப்பதைக் குறையென்று சொல்லித்தான் எனக்கு விலை குறைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இதனோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் நிலுவையில் இருக்கிறது. உடன் பயணம் செய்தவர்கள் கையெழுத்திட்ட பணத்தாளை விமானப்படையினர் 'ஷார்ட் ஸ்நார்ட்டர்' என்றார்கள். கேட்கும்போது எடுத்துக் காட்டாதவர் எல்லாருக்கும் மது வாங்கித் தர வேண்டும் என்பது விதி. ஒன்று நிரம்பினால் போன நாட்டுத் தாள் ஒன்றை அதன் வாலில் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஜப்பானியப் பணமும் அப்படி அதில் சேரும். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆலோசகர் ஹாரி ஹாப்கின்சின் தாளில் ரூஸ்வெல்ட், சர்ச்சில் ஆகியோரின் கையெழுத்தும் உண்டு. தனித்தாளைக் 'கையொப்பத்தாள்' என்றும், ஒட்டி நீட்டியதைக் 'கையொப்பச் சுருள்' என்றும் சொல்லலாமா? திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாண வீட்டு மொய்யைச் சுருள் என்பார்கள். பணத்துக்கும் சுருளுக்கும் உறவு நமக்குப் புதிதன்று.

மலாயாவின் பத்து வெள்ளி (டாலர்) தாளுக்கு மட்டும் புதுப்பெயர் எதுவும் வேண்டாம் என்று மலேசிய, சிங்கப்பூர் அன்பர்களை முந்திக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன். குலை தள்ளிய வாழை அதில் இருக்கிறது. மக்கள் வாயில் அது வாழைமர நோட்டு. அட்டவணையிலும் அப்படியே எழுதலாம்.

சொல் புழங்குமா என்று பார்க்க என் பதிவேட்டில் இன்று எழுதிய வரி இது: 'ஆக்கிரமிப்புப் பணம், பிலிப்பைன்ஸ், பெசோ, 1943 வரிசை, படைவீரர் கொணர்தாள், லெய்ட்டே, ஓரத்தில் மையெழுத்து.' முதன்முறை வரும்போது 'படைவீரர்' என்ற அடையைச் சேர்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் சுற்றுலா போனவர் கொண்டுவந்த தாளையும் இந்தச் சொல் இழுத்துக்கொள்ளும். அடை எப்போதும் வேண்டுமா, முதல் இடத்தில் மட்டும் போதுமா என்பதைக் குழுவினர் சொல்ல வேண்டுகிறேன்.