ஃப்ளூயிட்சிந்த் ரிவர்ப் தகர டப்பா மாதிரி அடிக்குது, எதை மாத்தணும்?

பெரம்பூர்_கீபோர்டு:
வணக்கம். ராஸ்பெர்ரி பை 4 (சின்னக் கம்ப்யூட்டர்), பழைய பஸ்டர் ஓஎஸ், அதுல ஃப்ளூயிட்சிந்த் (கீபோர்டு நோட்டைச் சத்தமாக்குற சாஃப்ட்வேர்), மேல அதை இயக்குற ஜன்னல் கியூசிந்த். யூஎஸ்பி சவுண்ட் கார்டுல இருந்து நேரா மிக்சர். வியாசர்பாடி பக்கம் மண்டபத்துல கானா கச்சேரி, ஞாயிறு சர்ச் பாட்டு, ரெண்டுக்கும் இதே செட்டுதான். ரிவர்ப்ல (எதிரொலி எஃபெக்ட்) ரூம் அளவை ஏத்தினா புல்லாங்குழல், ஸ்ட்ரிங்ஸ் முடியுற இடத்துல "ணிங்"னு ஒரு சுருதி தனியா நிக்குது. பேஸ், கிக் ரெண்டும் குழம்புது. ட்ரம்ஸ் இருக்கிற சேனல் 10-க்கு சிசி 91 (ரிவர்ப் அளவைச் சொல்ற மிடி கட்டளை) பூஜ்யம் அனுப்பியும் கிக்ல ரிவர்ப் ஒட்டிக்கிட்டே வருது. சவுண்ட்ஃபான்ட் (வாத்தியச் சத்தங்கள் இருக்கிற ஃபைல்) நெட்ல இறக்கினது.

ராயபுரம்_ஒலி:
முதல்ல வெர்ஷனைப் பாருங்க தம்பி. பஸ்டரோட வர்றது 1.1.11. அதுல இருக்கிற இன்ஜின் ஃப்ரீவெர்ப். பக்கத்துக்கு எட்டு கோம்ப் ஃபில்டர் (சத்தத்தைத் தாமதிச்சு திரும்பத் திரும்பச் சுத்த விடுறது), பின்னாடி நாலு ஆல்பாஸ் (எதிரொலியை அடர்த்தியாக்குறது). கோம்போட நீளம் மாறவே மாறாது: இடது பக்கம் சின்னது 1,116 சாம்பிள், பெரிசு 1,617. செகண்டுக்கு 44,100 சாம்பிள்னு கணக்குப் போட்டா 25-லிருந்து 37 மில்லிசெகண்ட். ரூமை ஏத்தும்போது அறை பெரிசாகலை, ஃபீட்பேக்தான் (திரும்ப உள்ளே போற சத்தத்தோட பங்கு) ஏறுது. அந்த எட்டு நீளத்துக்கும் ஒத்துப்போற அதிர்வெண் மட்டும் மத்ததைவிட நேரம் தாக்குப்பிடிக்கும். உங்க "ணிங்" அதுதான்.

ஃப்ளூயிட்சிந்த் 2.1-ல் இதைத் தூக்கிட்டு ஃபீட்பேக் டிலே நெட்வொர்க் வச்சாங்க. டிலே லைன் (சத்தத்தைத் தாமதிக்கிற பாதை) ஒவ்வொண்ணும் மத்ததுக்குள்ள பாயுது, நீளமும் லேசா அலைஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால ஒரு சுருதி தனியா நிக்க வழியில்லை. பஸ்டருக்கு அடுத்த ஓஎஸ் புல்ஸ்ஐல 2.1.7, அதுக்கடுத்த புக்வோர்ம்ல 2.3.1 வருது. வேற எஸ்டி கார்டுல புக்வோர்ம் எழுதிப் பாருங்க, பழைய கார்டு கச்சேரிக்கு அப்படியே இருக்கட்டும். பஸ்டர் மேலயே சோர்ஸை கம்பைல் பண்ணிப் போட நினைக்காதீங்க. அங்க இருக்கிற கியூசிந்த் பழைய லைப்ரரியோட கட்டினது. புதுசைப் போட்டாலும் அது பழசைத்தான் பிடிக்கும், நீங்க மாறிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க.

தண்டையார்பேட்டை_மிக்சர்:
எஸ்டி கார்டு மாத்துற வரைக்கும் இதைச் செய்யுங்க. 1.1.11-ல் ஆரம்ப அளவு ரூம் 0.2, டேம்ப் (ட்ரெபிளை மழுக்குறது) 0, விட்த் (இடது வலது விரிவு) 0.5, லெவல் (ரிவர்ப் சத்தத்தோட அளவு) 0.9. டேம்ப் பூஜ்யம்னா ரிவர்ப் வால்ல (சத்தம் ஓயுற கடைசிப் பகுதி) ட்ரெபிள் குறையவே குறையாது, தகரச் சத்தத்துல பாதி அங்கிருந்துதான் வருது. டேம்பை 0.45-க்கு ஏத்துங்க, ரூம் 0.4-ஐத் தாண்ட வேண்டாம்.

ட்யூன் பண்ற வரிசை முக்கியம். லெவலை வேணும்னே 1-ல் வச்சிட்டு, ஸ்னேர் ரிம் மாதிரி குறுகின சத்தத்தை ஒத்தையா தட்டுங்க. வால் எவ்வளவு நேரம் வேணும்னு ரூம்ல முடிவு பண்ணுங்க. வாலோட கூர்மை மழுங்குற வரைக்கும் டேம்ப். லெவலைக் கடைசியா இறக்குங்க, பாட்டுக்குள்ள ரிவர்ப் இருக்கிறதே தெரியாம, ஆஃப் பண்ணா மட்டும் வெறுமை தெரியுற இடத்துல நிறுத்துங்க. லெவல் கம்மியா வச்சிட்டு ட்யூன் பண்ணினா ரூமை அளவுக்கு மீறி ஏத்திடுவோம்.

மிக்சர்ல இருந்து ஸ்பீக்கருக்கு மோனோவா போகுதா? அப்போ விட்தை விட்டுடுங்க. அது இடது வலது கலவையை மட்டும்தான் மாத்துது, ரெண்டையும் கூட்டினா வித்தியாசம் அடிபட்டுப் போயிடும்.

கொருக்குப்பேட்டை_பிட்:
சிசி 91 விஷயத்தை யாரும் தொடலையே. எஸ்எஃப்2 (சவுண்ட்ஃபான்ட் ஃபைல் வடிவம்) விதிப்படி ரிவர்ப் அனுப்பு ரெண்டு வழியா வருது. ஒண்ணு சிசி 91, அதை 127-க்கு ஏத்தினாலும் கிடைக்கிறது 20 சதவீதம்தான். இன்னொண்ணு சவுண்ட்ஃபான்ட் உள்ளேயே எழுதி வச்ச அளவு, அது 100 சதவீதம் வரைக்கும் போகலாம். ரெண்டையும் கூட்டித்தான் ரிவர்ப்புக்குப் போகும். நீங்க சிசி 91-ஐப் பூஜ்யம் ஆக்கியும் கிக்ல வருதுன்னா, செஞ்சவங்க உள்ளே போட்டு வச்சிருக்காங்க.

பாலிஃபோன்ல (சவுண்ட்ஃபான்டைத் திருத்துற சாஃப்ட்வேர்) ஃபைலைத் திறங்க. நகலைத் திறங்க, அசலைத் தொடாதீங்க. ட்ரம் கிட் ப்ரீசெட் (நாம தேர்ந்தெடுக்கிற சத்தம்) எந்த இன்ஸ்ட்ரூமென்டை எடுக்குதுன்னு பார்த்து அதுக்குள்ள போங்க. கிக்கோட நோட் 35, 36 இருக்கிற நெடுவரிசையில ரிவர்ப் சதவீத வரியை 0 ஆக்குங்க. காலி கட்டமா விட்டா குளோபல் (எல்லாத்துக்கும் பொதுவான) நெடுவரிசையில இருக்கிற அளவு ஏறிக்கும், அதனால 0-ன்னு எழுதணும். ப்ரீசெட் மட்டத்துலயும் ஒரு அளவு இருக்கலாம், அது இன்ஸ்ட்ரூமென்ட் அளவோட கூடும், அதையும் பாருங்க. ஸ்னேருக்கு 15, 20 விடலாம். சேனல் 10 முழுக்க ஒரே சிசி 91 என்பதால, கிக்குக்கு ஒண்ணு, ஸ்னேருக்கு ஒண்ணுன்னு வேணும்னா இந்த வழிதான். பேஸ் இன்ஸ்ட்ரூமென்டுக்கும் இதே வைத்தியம்.

பெரம்பூர்_கீபோர்டு:
நன்றி அண்ணே. புக்வோர்ம் போட்டாச்சு, "ணிங்" போச்சு. பாலிஃபோன்ல பார்த்தா ட்ரம் கிட் குளோபல்ல 30 இருந்துச்சு, கிக்கை 0 ஆக்கிட்டேன். இப்போ கை நிறைய கார்டு (பல சுரம் சேர்த்து) பிடிச்சா பட்பட்னு வெடிக்குது. ரிவர்ப் பாரமா? டிராகன்ஃப்ளைங்கிற தனி ரிவர்ப் ப்ளகின் போடலாமான்னும் யோசனை.

ராயபுரம்_ஒலி:
ரிவர்ப் மொத்தத்துக்கும் ஒண்ணுதான் ஓடுது, நோட் கூடினா அதோட சுமை கூடாது. கூடுறது வாய்ஸ் (ஒரே நேரத்துல ஒலிக்கிற சத்தங்கள்). அதோட உச்ச வரம்பு பாலிஃபனி 256-ல் இருக்கும், 128-க்கு இறக்குங்க. நீளமா ரிலீஸ் ஆகுற பேடு சத்தம்தான் வாய்ஸைத் தின்னும். கியூசிந்த் ஆடியோ செட்டிங்ல பஃபர் (சத்தத்தைச் சேர்த்து வைக்கிற துண்டு) சைஸ் 64, பஃபர் கவுன்ட் 16 இருந்தா 1,024 சாம்பிள், 23 மில்லிசெகண்ட். அதை 256, 3 ஆக்குங்க, 768 சாம்பிள், 17 மில்லிசெகண்ட்தான். தாமதமும் குறையும், சின்னத் துண்டா அடிக்கடி எழுப்புற வேலையும் குறையும். 5 வோல்ட் 3 ஆம்ப் அடாப்டர்தானே? போன் சார்ஜர்னா மின்னழுத்தம் இறங்கி ராஸ்பெர்ரி பை தன் வேகத்தைக் குறைச்சுக்கும், மேல சொன்னது எதுவும் உதவாது.

கொருக்குப்பேட்டை_பிட்:
டிராகன்ஃப்ளை சத்தம் நல்லாவே இருக்கும், ப்ரீடிலேயும் (ரிவர்ப் தொடங்குறதுக்கு முன்னாடி சின்ன இடைவெளி) உண்டு. ஃப்ளூயிட்சிந்த்ல அது இல்லை. லீடு நோட்டோட முகம் தெளிவா கேக்க 20, 30 மில்லிசெகண்ட் ப்ரீடிலே பெரிய உதவி. ஆனா உள் ரிவர்ப்பை அணைச்சிட்டு ஜாக் (சாஃப்ட்வேர்களுக்கு நடுவுல சத்தத்தை இணைக்கிறது) வழியா மொத்தச் சத்தத்தையும் கார்லாக்குள்ள (ப்ளகினை ஓட்டுற சாஃப்ட்வேர்) விட்டா, சேனலுக்குச் சேனல் சிசி 91 செத்துப்போச்சு, கிக்கும் சேர்ந்து நனையும். தப்பிக்க ஆடியோ குரூப், ஆடியோ சேனல் ரெண்டையும் 16 வச்சு, ஜாக் மல்டி ஆன் பண்ணுங்க. மிடி சேனல் ஒவ்வொண்ணும் தனித்தனி ஜோடிப் போர்ட்டா வரும். பேஸையும் ட்ரம்ஸையும் நேரா அவுட்டுக்கு இழுங்க, மத்தது மட்டும் டிராகன்ஃப்ளைக்கு.

தண்டையார்பேட்டை_மிக்சர்:
கானா மேடைக்கு இவ்வளவு வயரிங் வேண்டாம்னு நான் சொல்வேன். ஒரு கனெக்‌ஷன் கழன்டா பாட்டு நடுவுல தேடணும். உள் ரிவர்ப்பே போதும், ரெண்டு அளவு எழுதி வச்சுக்கோங்க. காசிமேடு பக்கம் தெருவுல திறந்த மேடைன்னா ரூம் 0.55, டேம்ப் 0.3, லெவல் 0.6. டைல்ஸ் சுவர், ஷீட் கூரை மண்டபம்னா ரூம் 0.25, டேம்ப் 0.5, லெவல் 0.3, ஏன்னா மண்டபமே பாதி ரிவர்ப் போட்டுடும். சவுண்ட் செக் காலி மண்டபத்துல நடக்கும், ஆள் உட்கார்ந்ததும் எதிரொலி குறையும். அப்போ லெவலை மட்டும் 0.1 ஏத்துங்க, ரூமைத் தொடாதீங்க.