அல்லித் தொட்டிக்கு வரும் தேனீக்கள்: விரட்டாமல் இடம் மாற்ற முடியுமா?

கொல்லைப்புறம் (மதுரை):
கொல்லையில ஆறுக்கு நாலடி சிமென்ட் தொட்டி, ரெண்டடி ஆழம். அல்லியும் கப்பி மீனும் இருக்கு. பங்குனி பிறந்ததுலேர்ந்து காலை ஒன்பது மணிக்கு மேல விளிம்பெல்லாம் தேனீ. ஒரே நேரத்துல நாப்பது, அம்பது எண்ணலாம். துவைக்கிற கல்லும் அதே பக்கம்தான். அம்மா வெறுங்காலோட நடப்பாங்க, நாலு வயசுப் பையனும் அங்கேயே விளையாடுறான். பக்கத்து வீட்ல மண்ணெண்ணெய் தெளிக்கச் சொல்றாங்க, எனக்கு மனசில்ல. தொட்டியை மூடாம வழி இருக்கா?

அடுக்குப்பெட்டி:
மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தேனீக்கு முன்னால் மீன் செத்துவிடும். கொசு மருந்து ஸ்ப்ரேயும் அப்படித்தான்.

முதலில் பக்கத்தில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கு வரும் தேனீ தலையைத் தாழ்த்தி, வயிறு துடிக்க உறிஞ்சும்; வயிறு நிறைந்ததும் எழும்பி வந்த திசைக்கே போய்விடும். காக்க அங்கே கூடு இல்லாததால், மிதிபட்டாலோ நசுங்கினாலோ தவிரக் கொட்டாது. சுவர்ப் பொந்தில் ஓயாமல் போக்குவரத்து இருந்தால் அது கூடு. அதற்குத் தேனீ வளர்ப்பவரைத்தான் கூப்பிட வேண்டும்.

கூட்டுக்குள் புழுக்கள் இருக்கும் பகுதி 35 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதனால் தண்ணீரை அடையில் சொட்டுச் சொட்டாக வைத்து, இறக்கையால் விசிறி ஆவியாக்கிக் குளிர்விக்கின்றன. கோடை முழுக்க அந்தத் தேவை இருக்கும். விரட்டினால் திரும்ப வரும். இடத்தை மாற்றத்தான் முடியும்.

ஒன்றரை அடி அகலமுள்ள மண்சட்டி ஒன்று எடுங்கள். உடைந்த செங்கல்லைப் போட்டு, மேலே விளிம்பு வரை ஆற்றுமணல் நிரப்புங்கள். உங்கள் தொட்டித் தண்ணீரையே பாசியோடு ஊற்றுங்கள். குளோரின் வாடையடிக்கும் குழாய்த் தண்ணீரைவிட அதுதான் தேனீக்குப் பிடிக்கும். ஐந்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு சேர்க்கலாம், சட்டித் தண்ணீரில் மட்டும். சர்க்கரைப் பாகு வைத்து இழுக்க நினைக்காதீர்கள். ஊரிலுள்ள எறும்பும் மற்ற கூட்டுத் தேனீக்களும் சண்டைக்கு வந்து நிற்கும்.

எல்லாரும் தவறுவது அடுத்த படியில்தான். சட்டியை எடுத்த எடுப்பில் மூலையில் கொண்டுபோய் வைத்தால் ஒரு தேனீயும் வராது, பழகிய இடத்துக்கே போகும். முதல் மூன்று நாள் அவை குடிக்கும் விளிம்பை ஒட்டியே வையுங்கள். பத்துப் பதினைந்து தேனீ சட்டியில் உட்கார ஆரம்பித்ததும், தினமும் இருட்டிய பிறகு இரண்டடி நகர்த்துங்கள். பத்து நாளில் இருபதடி. நடுவில் ஒரு மத்தியானம் சட்டி காய்ந்துபோனாலும் அத்தனையும் தொட்டிக்குத் திரும்பிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சொட்டுநீர்:
சட்டி காயாமலிருக்க, மேலே ஒரு மண்பானையைத் தூக்கி வைத்து, அடியில் சிறு துளை போட்டுத் துணித்திரி செருகுங்க. ரெண்டு நொடிக்கு ஒரு சொட்டுன்னா நாளைக்கு ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல. பதினஞ்சு லிட்டர் பானை ஒரு வாரத்துக்குக் கிட்ட வரும். மணலுக்கு மேல தண்ணி தேங்கக் கூடாது. தேங்கினா ஒரு வாரம், பத்து நாள்ல அதுவே கொசுப் பண்ணை.

சட்டி மாறினப்புறம் துவைக்கிற கல் பக்கத்து விளிம்புல பாசியைத் தேய்ச்சு எடுத்துடுங்க. ஆனா வழுவழு சிமென்ட்ல தேனீ சறுக்கி விழுந்து சாகும். அதனால எதிர்ப்பக்கம் ஒரு சாக்குத் துண்டை பாதி தண்ணிக்குள்ளயும் பாதி வெளியேயும் தொங்க விடுங்க. விழுந்தது அதைப் பிடிச்சு ஏறிக்கும். நடுவுல அல்லி இலை மேல உக்காந்து குடிக்கிறதை விட்டுடுங்க, அங்க யார் கால் படப்போகுது?

கொல்லைப்புறம்:
ரொம்ப நன்றிங்க. எலுமிச்சம்புல் வெச்சா தேனீ அண்டாதுன்னு கேள்விப்பட்டேன், வைக்கலாமா? பையனைக் கொட்டிட்டா என்ன பண்றது?

செவிலி அக்கா:
எலுமிச்சம்புல் வேண்டாம் தம்பி. பிரிஞ்சு போற கூட்டத்தைக் காலிப் பெட்டிக்கு இழுக்கத் தேனீ வளர்க்கிறவங்க தடவுறதே அந்தப் புல் எண்ணெயைத்தான்.

கொட்டினா கொடுக்கு தோல்லயே நிக்கும். அதோட ஒட்டின விஷப்பை தானா துடிச்சு விஷத்தை இறக்கிட்டே இருக்கும். அதனால நகத்தாலயோ எதாலயோ உடனே சுரண்டி எடுங்க. எப்படி எடுக்கறோம்ங்கறதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கறோம்ங்கறதுதான் முக்கியம். சுண்ணாம்பு தேடி ஓடி நேரத்தை விடாதீங்க. சோப்புத் தண்ணியில கழுவி, துணியில சுத்தின ஐஸ் வைங்க. கொட்டின இடம் மட்டும் வீங்கினா பயமில்ல. உதடு, நாக்கு வீங்குறது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம், இதுல எது வந்தாலும் உடனே 108. சின்னப் பிள்ளையைப் பல இடத்துல கொட்டியிருந்தா, நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.

கூட்டமா துரத்தினா தொட்டிக்குள்ள குதிக்கக் கூடாது. தலை வெளிய வர்ற வரைக்கும் மேலயே சுத்தும். முகத்தைப் பொத்திக்கிட்டு நேரா வீட்டுக்குள்ள ஓடிக் கதவைச் சாத்தணும்.

அம்மாகிட்ட செருப்புப் போட்டுக்கச் சொல்லுங்க. கொடியில காயற ஈரத்துணியிலயும் தேனீ தண்ணி குடிக்கும். பையன் டவுசரை உதறாம மாட்டி விடாதீங்க.