வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கர்ஸ் ரசிகர்

மில்வாக்கியில் சில வருடம் இருந்தேன். போன புதிதில் அமெரிக்கக் கால்பந்து என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், கிரீன் பே பேக்கர்ஸ் வெறியர்.

2020 ஏப்ரல், கொரோனா அடைப்பு. முதல் நாள் இரவு டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், பேக்கர்ஸ் 26ஆவது ஆளாக ஜோர்டன் லவ்வை எடுத்திருந்தது. லவ் குவார்ட்டர்பேக், பந்தை எறிகிறவர். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆரன் ராட்ஜர்ஸ் இருந்தார். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்: "ராட்ஜர்ஸ் எறிகிற பந்தைப் பிடிக்க ஆள் கேட்டால், எறிவதற்கே இன்னொருத்தனா?"

கோபம் தணிந்ததும் அவரே சொன்னார், 2005இலும் இப்படித்தான் கத்தினாராம். அப்போது குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர், 24ஆவதாக வந்த பொடியன் ராட்ஜர்ஸ். மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்தார். 2008இல் ஃபாவ்ரை அனுப்பிவிட்டு அவரை இறக்கினால் 6 வெற்றி, 10 தோல்வி. "சொன்னேனா?" என்று பெரியவர் ஊரெல்லாம் கேட்டிருக்கிறார். 2011 பிப்ரவரியில் அதே ராட்ஜர்ஸ் சூப்பர் பௌல் கோப்பையை வாங்கித் தந்ததும் வாயை மூடிக்கொண்டாராம். அவர் கராஜ் சுவரில் ஃபாவ்ரின் 4ஆம் எண் சட்டை, பக்கத்தில் ராட்ஜர்ஸின் 12.

லவ்வும் மூன்று வருடம் காத்திருந்தார். 2024 ஜனவரியில் டல்லாஸுக்கே போய் 48-32 என்று ஜெயித்த இரவு பெரியவருக்கு போன் போட்டேன். சந்தோஷம்தான். ஆனால் 2020இல் பந்து பிடிக்கிறவனை எடுத்திருந்தால் அந்த சீசனிலேயே டாம்பா பேயிடம் தோற்றிருக்க மாட்டோம் என்று அப்போதும் விடவில்லை. அதிலும் நியாயம் இருக்கிறது. அன்று தோற்றது ஐந்தே புள்ளியில்.

பதில்:

நான் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ரசிகன். கொடுத்துவைத்தவர்கள் ஐயா நீங்கள். 1999இலிருந்து இங்கே குவார்ட்டர்பேக்காக ஆட்டம் தொடங்கியவர்கள் 30 பேருக்கு மேல். 2018இல் முதல் ஆளாக எடுத்த மேஃபீல்டு, 2020 சீசனில் பிளேஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்று வரை கொண்டுபோனார். அடுத்த சீசன் தோள் காயத்தோடு தடுமாறினார், அவ்வளவுதான். டிராஃப்டின் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் மூன்று வாய்ப்புகளை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, அவர் இடத்துக்கு வாட்சனைக் கொண்டுவந்தார்கள், 23 கோடி டாலர் உத்தரவாதத்தோடு.

என் ஆபீஸ் நண்பன் மேஃபீல்டு சட்டையைக் கார் துடைக்கப் போட்டிருந்தான். அவர் டாம்பா பே போய் நன்றாக ஆட ஆரம்பித்ததும் துவைத்து மடித்து வைத்துவிட்டான். அங்கேயும் அதே 6ஆம் எண்தான், நிறம்தான் வேறு.